பதினாலாம் தகடு

"முப்பத்தொரு தடவை செஞ்சாச்சு மேடம். வர மாட்டேங்குது."

சங்கரவடிவு நிமிரவில்லை. குடுவைக்குள் வெப்பமானி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது வரல சார்?"

"ஆறு."

ஆறு என்றால் ஆறு பங்கு. நூறு பங்கு வெயில் விழுந்தால் அதில் ஆறு பங்கு மின்சாரம். ஞானதிரவியம் போன ஆடி மாதம் செய்த பதினாலாம் தகடு அவ்வளவு கொடுத்தது. அதற்கு முந்தின பதின்மூன்றும் ஒன்று, ஒன்றரை என்று முனகின. அதற்குப் பிந்தின முப்பத்தொன்றிலும் அதே முனகல்தான்.

"நாலு ஒன்பது சுத்தம் பத்தலைன்னு அஞ்சு ஒன்பது வாங்கினேன். தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது. கண்ணாடிச் சாமானெல்லாம் ஆசிட்ல ஊறப்போட்டுக் கழுவுறேன். கையுறை மேல கையுறை போட்டு என் கையே வெந்துபோச்சு. இன்னும் நான் என்னதான் செய்யணும்?"

"ஊசி போடுற நேரம் சார். கொஞ்சம் தள்ளிக்கோங்க."

அவர் தள்ளிக்கொண்டார்.

சங்கரவடிவு கந்தகக் கரைசலை ஊசியில் எடுத்துக் குடுவைக்குள் ஒரே அழுத்தாக அழுத்தினார். தேன் நிறத்தில் இருந்தது கண் மூடித் திறப்பதற்குள் கறுத்தது. அந்தக் கறுப்புக்குள் கோடிக்கணக்கில் படிகங்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஐயாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி.

அவற்றில் அரிய சரக்கு ஒன்றும் கிடையாது. செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம். முதல் இரண்டும் பாத்திரக் கடையில் பித்தளையாக நிற்கின்றன. மூன்றாவது அந்தப் பித்தளைக்குள் ஈயப் பூச்சாக இருக்கிறது. நாலாவதற்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை, தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். தோண்டத் தோண்டக் கிடைப்பதை வைத்தே வெயிலை மின்சாரமாக்கிக் காட்ட வேண்டும் என்பது சங்கரவடிவின் பிடிவாதம்.

படிகத்தைக் கழுவி மையாக்க வேண்டும். மையைத் தகட்டில் பூச வேண்டும். பூசிய தகட்டைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, கந்தக ஆவியில் சுட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஞானதிரவியம் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்.

ஒப்பிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

*

அந்த ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் குழம்பிப் போவார்கள்.

ஐம்பத்து மூன்று வயது ஞானதிரவியம், நாற்பத்திரண்டு வயது சங்கரவடிவை "மேடம்" என்பார். சங்கரவடிவு அவரை "சார்" என்பார். இவர் வந்தால் அவர் எழுந்து நிற்பார். அவர் எழுந்ததைப் பார்த்து, உட்காரப் போன இவரும் நின்றுவிடுவார். இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசி முடிப்பார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஞானதிரவியம் பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரவடிவு அவரிடம் படித்த மாணவி. படித்தவள் மேலே மேலே படித்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனாள். வாத்தியார் இருந்த இடத்திலேயே இருந்தார். பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடியபோது, அந்தத் துறையில் காலியிடம் அவளிடம்தான் இருந்தது.

பதிந்து எட்டு வருஷம். கெடு முடிந்து, நீட்டிப்பு வாங்கி, நீட்டிப்புக்கும் நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசி. அதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவே ரத்து.

கல்லூரியில் துறை வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. பதினோரு பெயர்கள். பத்துக்கு முன்னால் "முனைவர்" என்று இருக்கிறது. ஞானதிரவியத்தின் பெயருக்கு முன்னால் நாலு விரற்கடை வெற்றிடம். பதிவு செய்த வாரமே பெயின்டரைக் கூப்பிட்டு இடம் விட்டு எழுதச் சொன்னவர் அவர்தான். போன வருஷம் அந்த இடத்தில் குளவி கூடு கட்டியது. அதைக் கலைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

*

கறுத்த குடுவை ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் டீ குடித்தார்கள். அந்த வளாகத்து டீ லேசாக உப்புக் கரிக்கும். குடி தண்ணீர் கேனில் வந்தாலும் கேன்டீன்காரர் போர்த் தண்ணீரைக் கலக்காமல் விடமாட்டார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இவர்களுக்குப் பழகிவிட்டது.

"ஒரு வழி இருக்கு மேடம்."

"சொல்லுங்க சார்."

"பதினாலாவது நல்லா வந்திருக்குல்ல. அது பொய்யில்லையே. அதை வச்சே எழுதிடலாம். அஞ்சு தடவை செஞ்சதுல சராசரின்னு..."

அவர் அதற்கு மேல் போகவில்லை. காது மடல் சூடானது. வகுப்பில் இதே பேச்சை ஒரு பையன் பேசியிருந்தால் வெளியே நிற்கச் சொல்லியிருப்பார்.

சங்கரவடிவு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பதினாலாவது தகடு செஞ்ச அன்னைக்கு நீங்க எதுக்கு வெட்கப்பட்டீங்க?"

ஞானதிரவியத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது.

"வெட்கப்படுற மாதிரி நான் எதுவும் செய்யலையே."

"சரி சார்."

"நோட்டைப் பாருங்க. எல்லாம் எழுதியிருக்கேன்."

பையிலிருந்து எடுத்து நீட்டினார். பழுப்புத் தாள் அட்டை. உள்ளே நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தம் கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கொடுக்கலாம் போல இருந்தது.

சங்கரவடிவு பதினாலாவது பக்கத்தைப் படித்தார். "வெப்பநிலை 225 பாகைக்கு உயர்த்தப்பட்டது. தகடு காய்ச்சி வடித்த நீரால் அலசப்பட்டது. உலர்த்தப்பட்டது."

"யார் சார் அலசினது?"

"நான்தான். வேற யாரு?"

"நீங்க இதுல எங்கயுமே வரலையே."

"அப்படித்தான மேடம் எழுதணும்."

"ஆமா சார். அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

நோட்டை மூடி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். ஞானதிரவியம் அதை வெடுக்கென்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

*

வழி நெடுக அவருக்கு ஆறவில்லை.

வெட்கமாம். நோட்டு வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியது யார்? சங்கரவடிவின் நோட்டை அவர் பார்த்திருக்கிறார். டீ வட்டம், எண்ணெய்க் கறை, பாதி வரி அடித்து மேலே வேறு வரி. நடுவில் "இன்று ஒரே புழுக்கம்" என்று எழுதியிருக்கும். "தலைவலி, அவசரமாக ஊற்றிவிட்டேன்" என்று எழுதியிருக்கும். ஒரு நாள் "பூனை உள்ளே வந்தது" என்றுகூட எழுதியிருந்தது. பூனைக்கும் படிகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுத்தோம், எங்கே போய் இப்படிக் கெட்டது என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு. வழிகாட்டியிடம் சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

அடுத்த வாரம் பிடிவாதமாக இன்னொரு தகடு செய்தார். பதினாலாவதற்குப் பிந்தி இது முப்பத்திரண்டாவது. புதுக் கையுறை, புதுக் குடுவை, அஞ்சு ஒன்பது சுத்தம்.

ஒன்று புள்ளி மூன்று.

சங்கரவடிவு எண்ணைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பதில் தெரிஞ்சா சொல்லிடுங்க மேடம்," என்றார் ஞானதிரவியம். குரல் கெஞ்சிவிட்டது. "விளையாட நேரமில்ல. பதினாறு நாள்தான் இருக்கு."

"எனக்குத் தெரியாது சார். ஆடியில அந்த வாரம் நான் ஊர்லயே இல்ல."

"அப்ப எதை வச்சுக் கேட்டீங்க?"

"நீங்க பதில் சொல்லுங்க. நானும் சொல்றேன்."

*

மறுநாள் கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு முந்தின அமளி. அறுபது ரெக்கார்டு நோட்டுகள் மேசையில் ஏறியிருந்தன. ஞானதிரவியம் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதல் நோட்டு. அமிலத்தில் காரம் சொட்டும் சோதனை. மூன்று அளவீடுகள். 19.8, 19.8, 19.8. சரி போட்டுக் கையெழுத்திட்டார்.

இரண்டாவது நோட்டு. 20.2, 20.2, 20.2. சரி.

மூன்றாவது, நாலாவது, பத்தாவது. மூன்று அளவீடும் அண்ணன் தம்பி போல ஒட்டி நின்றன. கை பாட்டுக்குச் சரி போட்டுக்கொண்டே போனது. முப்பது வருஷமாகப் பழகின கை.

நாற்பதாவதோ என்னவோ, ஒரு நோட்டில் பக்கம் நொதநொதத்துக் காய்ந்திருந்தது. யாரோ தண்ணீர் கொட்டியிருக்கிறார்கள். எண்கள் கரைந்து நீலமாக ஓடியிருந்தன. அவர் யோசிக்கவே இல்லை. ஓரத்தில் எழுதினார்: "அழகாகத் திரும்ப எழு—"

பேனா நின்றது.

இப்படி ஒரு பக்கத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். நொதநொதத்த பக்கம். நீலமாக ஓடின எண்கள். அதுவும் அவர் கையெழுத்தில்.

அதைக் கிழித்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அழகாகத் திரும்ப எழுதினவரும் அவரேதான்.

ஆடி மாதம். வியாழக்கிழமை.

ஞானதிரவியம் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்.

மீதி இருபது நோட்டுகளையும் கையெழுத்துப் போடாமல் வரிசையாகத் திறந்து பார்த்தார். 20.0, 20.0, 20.0. 19.9, 19.9, 19.9. அறுபது பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை.

அப்படி நடக்காது. நடக்காது என்று அவருக்கு எப்போதும் தெரியும். தெரிந்துதான் சரி போட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்தார்.

*

"கேனைத் தட்டிவிட்டுட்டேன் மேடம்."

சங்கரவடிவு எழுந்து நின்றார். இவர் உட்காரவில்லை.

"எப்ப சார்?"

"ஆடியில. வடிநீர் ஒரு கேன்தான் மிச்சம் இருந்தது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அட்டெண்டர் போயிட்டார், புதுசா வடிக்க ஆளில்ல. நான் திரும்பும்போது முழங்கை பட்டு மொத்தமும் கீழ போச்சு. நோட்டு மேலயும் கொட்டிருச்சு."

"அப்புறம்?"

"தகடு பூசி ரெடியா இருக்கு. அலசியே ஆகணும். சுத்தி முத்திப் பார்த்தேன்." இப்போதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "யாரும் இல்ல."

"ம்."

"குழாய்த் தண்ணியில அலசிட்டேன்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் குழாய்த் தண்ணீரைத் தொட்ட பிள்ளைகளை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஏசினவர். அந்த ஏச்செல்லாம் இப்போது அவர் காதிலேயே வந்து விழுந்தது.

"பிறகு புதுப் பக்கத்துல எழுதும்போது 'காய்ச்சி வடித்த நீரால்'னு எழுதிட்டேன். பொய் எழுதணும்னு எழுதல மேடம். கை அப்படித்தான் எழுதும். ஆறுன்னு வந்தப்போ, குழாய்த் தண்ணியில கழுவியும் கெட்டுப் போகாம தப்பிச்சோமேன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்கப்புறம் அதை மறந்தே போனேன்."

சங்கரவடிவு கழுவுதொட்டிப் பக்கம் போனார். குழாயின் வாயில் போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அந்த வளாகத்தில் எல்லாக் குழாயிலும் அப்படித்தான். நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். சுரண்டியதைக் கொண்டுவந்து ஞானதிரவியத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

அஞ்சு ஒன்பது சுத்தம் தேடி அலைந்த எட்டு மாதமும் அந்தக் குழாய்க்கு இரண்டடி தள்ளி நின்றுதான் அவர் தகடு கழுவினார்.

"செய்யுங்க சார்," என்றார் சங்கரவடிவு.

*

பத்து நாளில் மூன்று தகடு செய்ய முடிந்தது.

குழாய்த் தண்ணீரில் என்னென்ன உப்பு எவ்வளவு என்று அளந்து குறித்தார். அலசினார், காயவைத்தார், கந்தக ஆவியில் சுட்டார். மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது அவருக்கே தெரிந்துவிட்டது. பழைய தகடுகளில் படிகங்கள் ரவை கொட்டினது போல உதிரியாகக் கிடக்கும். இதில் ஒன்றோடு ஒன்று உருகிச் சேர்ந்து, ஆற்றுக் கூழாங்கல் போலப் பெரிது பெரிதாக நெருங்கிக் கிடந்தன. உப்பில் இருந்த சோடியம் சூட்டில் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது.

முதல் தகடு ஐந்து புள்ளி ஒன்பது.

இரண்டாவது ஆறு புள்ளி மூன்று. அந்த எண்ணைப் பார்த்து ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்கமே இல்லாமல் அழுதார்.

மூன்றாவது நாலு புள்ளி எட்டு.

அதைக் கணினித் திரையில் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

*

மார்ச் முப்பது. ஆய்வேடு அட்டை போட்டு வந்துவிட்டது. மேலே வழிகாட்டியின் சான்றிதழ், கையெழுத்துக்காக.

சங்கரவடிவு அதைத் தொடவில்லை.

"நோட்டு சார்?"

அவர் கொடுத்தார். கடைசிப் பக்கம். தண்ணீர்க் கறை ஒன்று, இரண்டு அடித்தல்கள். சங்கரவடிவு மெதுவாகப் படித்தார்.

"மூன்றாவது தகடு 4.8. காலையில் மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன், பிரசவம். நினைப்பு இங்கே இல்லை. அடுப்பிலிருந்து தகட்டை ஐந்து நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிட்டேனோ என்று சந்தேகம். இதை நீக்கவில்லை."

"பேரனா பேத்தியா சார்?"

"பேத்தி."

"ஆய்வேட்டுல இந்த நாலு புள்ளி எட்டு?"

"இருக்கு மேடம். மூணும் இருக்கு. முன்னாடி வராமப் போன நாப்பத்தஞ்சும் இருக்கு, பதினாலாவது எப்படி வந்துச்சுங்கிறதும் இருக்கு. பரீட்சகர் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும்."

சங்கரவடிவு நோட்டை மூடினார்.

"நான் பதில் சொல்லிட்டேன்," என்றார் ஞானதிரவியம். "நீங்க சொல்லலையே. தண்ணி விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தண்ணி தெரியாது சார்."

"பிறகு?"

"நோட்டு தெரியும். வெட்கப்படுற எதையும் நீங்க அதுல விட்டுவைக்க மாட்டீங்க."

சங்கரவடிவு கீழ் டிராயரைத் திறந்தார். ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்தார். பழுப்புத் தாள் அட்டை, லேபிளில் "ச. சங்கரவடிவு, இரண்டாமாண்டு வேதியியல்". பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தார்.

அமிலத்தில் காரம் சொட்டும் சோதனை. 20.1, 20.1, 20.4. அதன் கீழே குண்டு குண்டான சின்னப் பிள்ளைக் கையெழுத்து.

"மூன்றாவது முறை அன்னபுஷ்பம் மேசையை இடித்துவிட்டாள். அதனால் கூடுதலாகச் சொட்டிவிட்டது. நான் அதை மாற்றவில்லை."

அதன் மேல் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் அழகான கையெழுத்து. "தேவையற்றது. மூன்றும் ஒத்திருக்க வேண்டும். திரும்ப எழுது."

அந்த அழகான கையெழுத்தை ஞானதிரவியத்துக்கு நன்றாகத் தெரியும்.

அவரே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 20.1, 20.1, 20.1. கீழே அதே சிவப்பு மையில், "மிக நன்று. 10/10".

அவருக்கு அன்னபுஷ்பத்தை நினைவில்லை. அந்த மேசை நினைவில்லை. இந்தக் கோட்டைப் போட்டதுகூட நினைவில்லை. அது மாதிரி எத்தனை கோடு போட்டோம் என்பதுதான் கணக்கில்லாமல் நினைவுக்கு வந்தது.

"சிவப்புப் பேனா இருக்கா மேடம்?"

சங்கரவடிவு தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஞானதிரவியம் பத்துக்குப் பத்தை அடித்தார். பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பினார். 20.4க்கு நேரே, தன் பழைய கோட்டின் மேலேயே, ஒரு பெரிய சரி போட்டார். கீழே கையெழுத்திட்டு அன்றைய தேதியை எழுதினார். மை காயும் வரை ஊதினார்.

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆய்வேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப நீங்க போடுங்க."